உதகைத் தோட்டமும் கடல் கடந்த கடிதங்களும்

ஒரு தோட்டத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் வழக்கமாக அரசாணைகளையும் நில வரைபடங்களையும் நட்ட மரங்களின் பட்டியலையும்தான் தேடுவார்கள். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரியில் எழுந்த தோட்டங்களும் மாளிகைகளும் ஏன் அந்த வடிவத்தைப் பெற்றன என்பதை, அரசாணைகளைவிட, அங்கே வந்து தங்கிய செல்வர்கள் தம் உற்றார் உறவினருக்கு எழுதிய சொந்தக் கடிதங்களே தெளிவாகச் சொல்கின்றன. சொந்தக் கடிதம் என்பது பதவியின் பெயரால் எழுதப்படாமல், தங்கைக்கோ மனைவிக்கோ பழைய தோழருக்கோ எழுதப்படுவது. அலுவலகக் குறிப்பில் இடம்பெறாத ரசனையும் பணக் கவலையும் ஊர் நினைவும் அதில் மறைவின்றி வந்துவிடுகின்றன. இக்கடிதங்களை எழுதியோரில் பலர், பரம்பரை மாளிகை, ஓவியத் தொகுப்பு, பெருந்தோட்டம் ஆகிய மூன்றையும் உடைமையாகக் கொண்ட பிரிட்டிஷ் பிரபுக் குடும்பங்களில் பிறந்தவர்கள் ஆதலால், நீலகிரியை அவர்கள் முதலில் ஒரு படமாகவும் பிறகு ஒரு தோட்டமாகவும் கண்டார்கள். இன்று உதகமண்டலத்துக்குச் சுற்றுலா செல்லும் தமிழர் காண்பதில் பெரும்பகுதி அந்தப் பார்வை விட்டுச்சென்றதே.

இதற்கு மிகப் பொருத்தமான சான்று ஸ்டோவ் என்னும் மாளிகையின் கதை. இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயர் வட்டாரத்தில் உள்ள ஸ்டோவ், பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதும் பேசப்பட்ட தோட்டத்தைக் கொண்டிருந்தது. கட்டம் கட்டமாகப் பாத்தி பிரித்து, செடிகளைக் கத்தரித்து வடிவமைக்கும் பழைய முறையைக் கைவிட்டு, புல்வெளி, ஏரி, மரக்கூட்டம், தொலைவில் தெரியும் சிறு கோயில் என்று இயற்கையே அமைத்தது போலத் தோன்றச் செய்யும் முறையை ஆங்கிலத் தோட்டக்கலை என்பார்கள். அந்தக் கலையின் பெரும்புள்ளியான லான்சலாட் பிரௌன் இளவயதில் தலைமைத் தோட்டக்காரராகத் தொழில் பழகிய இடம் ஸ்டோவ்தான். அம்மாளிகைக்குரிய கிரென்வில் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஓவியங்களையும் சிலைகளையும் கையெழுத்துச் சுவடிகளையும் சேர்த்துக்கொண்டே வந்து, இறுதியில் பக்கிங்ஹாம் டியூக் என்ற மிக உயர்ந்த பிரபுப் பட்டத்தையும் பெற்றது.

இரண்டாம் டியூக் காலத்தில் கடன் பத்து லட்சம் பவுனைத் தாண்டியது. 1848 ஆகஸ்டில் மாளிகைப் பொருள்களை ஏலம் விடும் பொறுப்பை கிறிஸ்டி நிறுவனம் ஏற்றது. நாற்பது நாள் நீண்ட அந்த ஏலத்தில் ஏறத்தாழ 75,000 பவுன் மட்டுமே திரண்டது. ஷேக்ஸ்பியரின் முகம் என்று உலகம் இன்று நம்பும் சாண்டோஸ் ஓவியம் அப்போதுதான் 355 கினிக்கு, அதாவது தலைக்கு இருபத்தொரு ஷில்லிங் மதிப்புள்ள 355 பொன்னுக்கு, எல்ஸ்மியர் பிரபுவிடம் கைமாறி, பின்னர் லண்டனில் தொடங்கிய தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தின் முதல் படமாக 1856-இல் சேர்ந்தது. இத்தனையையும் ஒரு மகன் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் பின்னாளில் மூன்றாம் பக்கிங்ஹாம் டியூக்காகவும், 1875 முதல் 1880 வரை சென்னை மாகாண ஆளுநராகவும் உதகைக்கு வந்து சேர்ந்தவர்.

ஸ்டோவ் ஏலம் போன அதே 1848-ஆம் ஆண்டில்தான், ஏழு கடலுக்கு அப்பால் தொட்டபெட்டா மலைச்சரிவில், இன்று அரசு தாவரவியல் பூங்கா என்று அறியப்படும் தோட்டத்துக்கு மண் வெட்டத் தொடங்கினார்கள். அதன் தொடக்கம் அழகுணர்ச்சியில் இல்லை, அடுப்படியில் இருந்தது. உதகையில் குடியேறிய ஐரோப்பியர், தம் ஊர்க் காய்கறி கிடைக்காமல், 1845-இல் மாதம் மூன்று ரூபாய் சந்தா சேர்த்து ஒரு காய்கறித் தோட்டம் போட்டார்கள். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் போன்றவற்றைத் தமிழ்நாட்டுச் சந்தைகளில் இன்றும் இங்கிலீஷ் காய் என்று சொல்லும் வழக்கத்தின் வேர்களில் ஒன்று அந்தச் சந்தாத் தோட்டத்தில் இருக்கிறது எனலாம். அது நிலைக்கவில்லை. அப்போது ஆளுநராக இருந்த ட்வீடேல் பிரபு, ஸ்காட்லாந்தில் தம் யெஸ்டர் பண்ணையில் மண்ணுக்கடியில் ஓட்டுக் குழாய் பதித்து நீர் வடிக்கும் முறையால் பெயர் பெற்ற பெருநிலக்கிழார். அவர் முன்னின்று ஊக்கியதால், காய்கறித் தோட்டம் தாவரவியல் தோட்டமாக வளரும் வழி பிறந்தது. லண்டனை அடுத்த கியூ தாவரவியல் தோட்டத்தில் பயின்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848-இல் வந்து பொறுப்பேற்றார். மேற்பகுதி செங்குத்தான காடு, கீழ்ப்பகுதி சதுப்பு என்று கிடந்த நிலத்தைத் தளம் தளமாக வெட்டி அவர் திருத்தி முடிக்க ஏறத்தாழ பத்து ஆண்டுகள் ஆயின.

இப்படிப்பட்ட தோட்டம் வளர்வதற்கு மண்ணும் நீரும் வேண்டியிருந்தது போலவே தபாலும் வேண்டியிருந்தது. கியூ தோட்டத்தின் இயக்குநர்களுக்கு உலகெங்குமிருந்து 1841 முதல் வந்த கடிதங்கள் இருநூறுக்கும் மேற்பட்ட தொகுதிகளாகக் கட்டப்பட்டு இன்றும் காக்கப்படுகின்றன. ஒரு விதை முளைத்தது, ஒரு பெட்டி வழியிலேயே அழுகியது, ஓர் ஆளுநர் செலவுக்குப் பணம் தரத் தயங்குகிறார் என்பன போன்ற செய்திகளே அவற்றில் மிகுதி. கடிதத்தோடு செடியும் பயணம் செய்ய உதவியது வார்டின் பெட்டி எனப்பட்ட கண்ணாடிக் கூண்டு. நத்தானியேல் வார்டு என்ற லண்டன் மருத்துவர் கண்ட உபாயம் அது: மரச்சட்டத்தில் கண்ணாடியை இறுகப் பொருத்தி, உள்ளே ஈரமண்ணில் செடியை வைத்து மூடிவிட்டால், செடி வெளிவிடும் ஆவி கண்ணாடியில் துளித்து மீண்டும் மண்ணிலேயே இறங்கும், கப்பலின் மேல்தளத்தில் உப்புக்காற்று படாமலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலும் அது மாதக்கணக்கில் உயிர் பிழைக்கும். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினாவைத் தரும் சிங்கோனா மரம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து 1860 வாக்கில் கிளெமென்ட்ஸ் மார்க்கத்தின் முயற்சியால் நீலகிரிக்கு வந்ததில் இக்கூண்டுகளுக்குப் பங்கு உண்டு. மரத்தைச் சாய்க்காமல் பட்டையைக் கீற்றாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் போர்த்திவிட்டால் புதுப்பட்டை வளரும் என்று கண்டறிந்து பயன்படுத்தியவர் மெக்ஐவர்; நீலகிரி உலகத் தோட்டக்கலைக்கு அளித்த கொடைகளில் இதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

கியூவுக்குச் சென்ற கடிதங்கள் தொழில்முறைக் கடிதங்கள். அவற்றிலிருந்து வேறுபட்டு, கலையும் தோட்டமும் உறவும் ஒன்றாகக் கலந்து வரும் கடிதங்களைத் தேடினால், குன்னூருக்குத்தான் போக வேண்டும். குன்னூரிலிருந்து லேம்ப்ஸ் ராக் பக்கம் செல்லும் சாலையில், தேயிலைச் சரிவுகளைப் பார்த்தபடி லேடி கானிங்ஸ் சீட் என்று ஓரிடம் உண்டு. பள்ளத்தாக்கின் விரிவு முழுவதும் அங்கிருந்து கண்ணுக்கு எட்டும். சுற்றுலாக்காரர் படம் எடுத்துக்கொண்டு நகரும் அந்த இடத்துக்குப் பெயர் தந்தவர் சார்லட் கானிங். இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும் பிறகு முதல் வைஸ்ராயாகவும் இருந்த கானிங் பிரபுவின் மனைவி. 1817-இல் பாரிசில் பிறந்தவர். அவருடைய தந்தை ஸ்டூவர்ட் டி ராத்சே, பிரான்சில் பிரிட்டிஷ் தூதராக இருந்தபோது, நார்மண்டி வட்டாரத்தில் இடிந்துகொண்டிருந்த பழைய மடாலயம், மாளிகை ஆகியவற்றின் செதுக்குக் கற்களை விலைக்கு வாங்கி, கப்பலில் ஏற்றி, இங்கிலாந்தின் தென்கரையில் ஹைகிளிஃப் என்ற தம் மாளிகையில் பதித்தவர். இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த இரு பெண்களும் ஓவியரானார்கள். இளையவர் லூயிசா, வாட்டர்ஃபோர்டு பிரபுவின் மனைவி, சுவரோவியங்களால் பெயர் பெற்றவர். கலை விமரிசகர் ஜான் ரஸ்கினே அவருடன் கடிதத் தொடர்பு வைத்து அறிவுரையும் கண்டிப்பும் வழங்கினார்.

மூத்தவரான சார்லட், விக்டோரியா அரசியின் அணுக்கப் பணிப்பெண்ணாகப் பல ஆண்டுகள் இருந்துவிட்டு 1856-இல் இந்தியாவுக்கு வந்தார். வந்த மறு ஆண்டே வடக்கில் பெரும் எழுச்சி வெடித்தது. கணவர் அலகாபாத்தில் தங்கிப் போரையும் ஆட்சியையும் கவனித்துக்கொண்டிருந்த 1858-இல், கல்கத்தாவின் கோடையிலிருந்து விலகி அவர் தெற்கே நீலகிரிக்கு வந்து சில மாதங்களைக் கழித்தார். உதகையைவிட குன்னூரே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கிருந்து அவர் அரசிக்கும், தாய்க்கும், தங்கைக்கும் எழுதினார். எழுதியதோடு வரைந்தும் அனுப்பினார். அவர் இந்தியாவில் செய்த நான்கு பெரும் பயணங்களில் தீட்டிய ஏறத்தாழ 350 நீர்வண்ண ஓவியங்கள் இரண்டு கோப்புகளாக லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஒளிப்படம் பரவலாகாத காலத்தில், கடிதத்துள் மடித்து வைத்த நீர்வண்ணப் படமே தொலைவிலிருப்பவருக்குக் கண்.

அக்காலக் கடிதம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு முதலில் புலப்படுவது அதன் கனமின்மை. தபால் கட்டணம் எடைக்கேற்ப ஏறியதால், கடல் கடந்து செல்லும் கடிதங்களை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய தாளில் எழுதினார்கள். தாள் நிறைந்ததும் புதுத்தாள் எடுக்காமல், அதே பக்கத்தைக் குறுக்காகத் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே பாவும் ஊடும் போலச் செங்குத்தாக எழுதுவது பலருக்கு வழக்கம். படிப்பவர் ஒரு திசையில் கண்ணை ஓட்டும்போது மற்றத் திசையை மனத்தால் அழித்துக்கொள்ள வேண்டும். மலையிலிருந்து பல்லக்குப் பாதையில் இறங்கி, சமவெளியைக் கடந்து, கப்பலேறி, சூயஸ் நிலப்பகுதியைத் தரைவழியே தாண்டி, மீண்டும் கப்பலேறிய அக்கடிதம் இங்கிலாந்தை எட்ட ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. குன்னூரில் பூத்ததாக எழுதிய பூ, தங்கை படிக்கும் நாளில் உதிர்ந்து காய்த்திருக்கும்.

கானிங் தம்பதியரின் சேகரிப்பு ஆர்வம் செடியோடும் ஓவியத்தோடும் நின்றுவிடவில்லை. இந்திய மக்களின் ஒளிப்படங்களைத் தங்கள் சொந்த நினைவுக்காகத் திரட்டத் தொடங்கியதே, பின்னர் அரசுப் பணியாக மாறி, 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த இந்திய மக்கள் என்ற பொருள்படும் பெருநூலானது. நண்பருக்குக் காட்டுவதற்காகத் தொடங்கிய ஆல்பம், மனிதரை இனம் இனமாக வகைப்படுத்தும் ஆட்சிக் கருவியாயிற்று என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. பாரக்பூரில் தாம் ஆசையாகத் திருத்திய தோட்டத்திலேயே சார்லட் அடக்கமானார். டார்ஜிலிங் பயணத்தில் தொற்றிய மலேரியாக் காய்ச்சலால் 1861 நவம்பரில் இறந்தார். சிங்கோனா நாற்றுகள் நீலகிரியில் வேர் பிடிக்கத் தொடங்கியிருந்த ஆண்டு அது.

மீண்டும் ஸ்டோவ் குடும்பத்துக்கு வருவோம். மூன்றாம் டியூக், தந்தை விட்டுச்சென்ற கடனைத் தீர்க்க ரயில்வே நிறுவனத் தலைவராகவும் உழைத்தவர். வீண் ஆடம்பரத்தின் விளைவைத் தம் வீட்டுச் சுவர்களிலேயே பார்த்தவர். அவர் ஆளுநராக இருந்த ஆண்டுகளில், தாவரவியல் பூங்காவை ஒட்டிய மேட்டில், கோடைகால ஆளுநர் மாளிகை இத்தாலியப் பாணியில் எழுந்தது. அதில் ஸ்டோவின் சாயல் இருக்கிறது என்று உதகை வரலாற்றை எழுதியோர் சொல்வது வழக்கம். ஏலத்தில் காலியான மாளிகையின் நினைவு மலைமேல் வேறொரு வடிவத்தில் மீண்டும் கட்டப்பட்டது என்று அதைப் படிப்பதில் தவறில்லை. ஆனால் அந்த ஆண்டுகள் எவை என்பதை மறந்து அந்த மாளிகையை ரசிக்க முடியாது. அவை தாது வருஷப் பஞ்சத்தின் ஆண்டுகள்.

1876-இல் பருவமழை பொய்த்ததில் தொடங்கி 1878 வரை நீண்ட அப்பஞ்சத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் இறந்தோர் 55 லட்சம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதில் பெரும்பகுதி சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியத்துக்குரிய கூலி போதும் என்று வைத்தார். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். டியூக், அரசே தானியம் வாங்கி இருப்பு வைக்க முற்பட்டதை லிட்டன் ஏற்கவில்லை. 1877 ஆகஸ்டில் சென்னையில் நடந்த பொதுக்கூட்டத்திலிருந்து லண்டன் மாநகரத் தலைவருக்கு எழுந்த வேண்டுகோளின் பேரில்தான் அங்கே நிவாரண நிதி திரண்டது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்க அப்பஞ்சத்தில் பிழைக்க வந்தவர்கள் வெட்டிய நீர்வழியின் பொருட்டே, நெடுங்கால்வாய் முழுவதும் பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் பெற்றது. சென்னைவாசிகள் நாள்தோறும் கடக்கும் அந்தக் கருநீரின் பெயரும் உதகை மாளிகையும் ஒரே மனிதரிடம் போய்ச் சேர்கின்றன.

லிட்டன் கவிதை எழுதியவர். நெப்வொர்த் என்ற பரம்பரை மாளிகையின் வாரிசு. 1877-இல் பஞ்ச நிலையை நேரில் காணத் தென்னாட்டுக்கு வந்தவர், உதகைக்கும் ஏறினார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தில், பெய்த மழையும் சாலைச் சேறும்கூடத் தம் சொந்த நாட்டு மழையும் சேறும் போலவே இருப்பதாக மகிழ்ந்து, இங்கிலாந்து, ஸ்காட்லாந்து வட்டாரங்களின் பாதையும் ஏரியும் ஓடையும் ஓரிடத்தில் கூடியிருப்பதாகக் குதூகலித்தார். இக்கடிதம் அவருடைய மகள் 1906-இல் வெளியிட்ட தொகுப்பில் அச்சேறியது. ஊர் நினைவு வந்த மனிதர் மழையைக் கண்டு மகிழ்வது குற்றமில்லை. ஆயினும் மழை என்ற ஒரே சொல்லுக்காக மலைக்குக் கீழே சேலத்திலும் கோவையிலும் பல்லாரியிலும் மக்கள் வானத்தைப் பார்த்துக் கிடந்த ஆண்டில் அக்கடிதம் எழுதப்பட்டது என்பதை அறிந்த பிறகு, அந்த வரிகளை அழகான இயற்கை வருணனை என்று மட்டும் படித்துவிட்டுப் போவது இயலாத செயல். அரசுக் கோப்புகள் லிட்டனின் கொள்கையைச் சொல்கின்றன. அவர் மனம் எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதைக் காட்டுவதோ இந்தச் சொந்தக் கடிதம்தான்.

கடிதங்கள் பேசாமல் விட்டவையும் பல. சதுப்பை வடித்தவர், தளம் வெட்டியவர், பல்லக்கைத் தோளில் சுமந்து மலையேறியவர், சிங்கோனாத் தோட்டங்களில் உழைக்கக் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகள் ஆகியோர் இக்கடிதங்களில் பெயரில்லாமல் வந்து போகிறார்கள், அல்லது வருவதே இல்லை. புல்வெளியை வெற்றிடமாகக் கண்ட ரசனையின் விலையை மலையும் கொடுத்தது: ஐரோப்பியர் தம் ஊர்ச் சாயலுக்காகக் கொண்டுவந்த மஞ்சள் பூப் புதர்களும், விறகுக்காகக் கொண்டுவந்த கற்பூர மரமும் சீகை மரமும், சோலைக் காட்டுக்கு இடையே கிடந்த இயற்கைப் புல்வெளியை விழுங்கிவிட, அவற்றை அகற்றும் வேலை இன்று வனத்துறையின் தலையில் விழுந்திருக்கிறது. அந்தப் புல்வெளி வெற்றிடமன்று, தோடரின் எருமைகள் மேய்ந்த நிலம். நிலம் அவர்களுக்கே உரியது என்று எழுதி வாதிட்ட ஜான் சல்லிவன் போன்ற அதிகாரி, அக்காலக் கடித உலகில் அரிதான விதிவிலக்கு.

மூன்றாம் டியூக் 1889-இல் ஆண் வாரிசின்றி இறந்ததும் அப்பட்டம் மறைந்தது; ஸ்டோவ் மாளிகை 1923-இல் பள்ளிக்கூடமாயிற்று. குடும்பத்தின் கடிதங்களும் கணக்குகளுமாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்களை 1925-இல் வாங்கியவர் ஹென்றி ஹண்டிங்டன் என்ற அமெரிக்க ரயில்வே முதலாளி. கலிபோர்னியாவின் சான் மரினோவில், நூலகம், ஓவியக்கூடம், தாவரவியல் தோட்டம் மூன்றையும் ஒரே வளாகத்தில் எழுப்பியவர் அவர். தோட்டமும் கலையும் சேர்த்து வீழ்ந்த ஒரு குடும்பத்தின் காகிதங்கள், அதே ஆசை கொண்ட வேறொருவரின் கற்றாழைத் தோட்டத்துக்கு நடுவே அடைக்கலம் பெற்றிருக்கின்றன. சார்லட், லூயிசா சகோதரியரின் கடிதங்களை அகஸ்டஸ் ஹேர் என்ற எழுத்தாளர் 1893-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றின் நீலகிரிப் பகுதிகளேனும் தமிழில் கிடைத்தால், குன்னூரிலும் கோத்தகிரியிலும் படிக்கும் மாணவர்கள் தங்கள் ஊரை 1858-இன் கண்ணால் பார்த்து, அந்தக் கண் எதைக் காணத் தவறியது என்பதையும் தாமே கண்டுகொள்வார்கள்.

தாவரவியல் பூங்காவில் மேல் தளங்களுக்கெல்லாம் மேலே ஏறிச் சென்றால் இன்றும் ஒரு தோடர் குடியிருப்பு இருக்கிறது. அத்தகைய குடியிருப்பை மந்து என்பார்கள். ஆங்கிலேயர் அதை முண்டு என்று கேட்டு, ஊட்டகமண்டு என்று எழுதினார்கள். உதகையிலிருந்து எழுதிய பிரபு எவராயினும், தோடரைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதவராயினும், கடிதத்தின் தலைப்பில் தேதிக்கு முன்னால் ஊரின் பெயரை எழுதியபோது, அந்த மந்தையும் சேர்த்தே எழுதினார்.